ஷார்ஷென் அண்ணன் இறங்கிய கரை

ஜூலை பிறந்துவிட்டால் பிஷ்கெக் நகரத்தில் எங்கள் குடியிருப்பு பாதி காலியாகிவிடும். பாய், தர்பூசணி, மிதவை வளையம், தேநீர்க் கெண்டி என்று மாடிப்படியில் இறக்கிக்கொண்டே இருப்பார்கள். எல்லோரும் ஏரிக்குப் போகிறார்கள். ஏரி என்றால் எங்களுக்கு இசிக்-குல் ஒன்றுதான். கடலே இல்லாத நாட்டில் பிறந்தவர்களுக்கு அதுதான் கடல். நானே பிறந்தது முதல் பார்க்கிறேன், இன்னும் எதிர்க்கரை சரியாகத் தெரிந்ததில்லை, அதற்கும் மேலே பனிமலைதான் தெரியும்.

நான் வேன் ஓட்டுகிறவன், பெயர் ஏசென். கோடையில் ஏரிக்கு ஆட்களைக் கொண்டுபோய் விடுவதுதான் என் பிழைப்பு. எனக்கு எதிர் வீடு ஷார்ஷென் அண்ணன் வீடு. அவர் மனைவி புருல் அக்காவையும் மகள் பெர்மெத்தையும் வருஷா வருஷம் நான்தான் வடகரையில் போஸ்தெரிக்குக் கூட்டிப் போவேன். அண்ணன் வரமாட்டார். ஒரு வருஷம் டிப்போவில் ஆள் இல்லை என்பார். அடுத்த வருஷம் செர்ரிப் பழம் அழுகிவிடும், ஜாம் காய்ச்ச வேண்டும் என்பார். இன்னொரு வருஷம், "பூனைக்கு யாரு சோறு வைக்கிறது?" என்றார். அந்தப் பூனை கீழ் வீட்டுக்காரருடையது.

உண்மைக் காரணம் எல்லோருக்கும் தெரியும். யாரும் சொல்லமாட்டோம்.

அண்ணன் ஏரிக்கரை ஊரான பாலிக்ச்சியில் பிறந்தவர். அப்பா மீன்பிடிப் படகில் இருந்தார். நடக்கப் பழகுமுன்னே நீந்தப் பழகியவன் என்று அவர் அம்மா சொல்வாராம். வளர்ந்தபிறகு கனரக லாரி ஓட்டினார், பிஷ்கெக்குக்கும் ஓஷுக்கும் நடுவில், மலைக் கணவாய் வழியாக. ஒரு குளிர்காலத்தில் கணவாய்க்கு மேலே பனியில் நின்று சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தபோது லாரி நகர்ந்துவிட்டது. இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று.

அதன்பிறகு மினிபஸ் டிப்போவில் உட்கார்ந்த இடத்து வேலை. வயர்லெஸ் மைக்கைப் பிடித்துக்கொண்டு எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று கேட்டு விரட்ட வேண்டும். அந்தக் குரல் அவருக்கென்றே அமைந்தது. "பதினேழு! வண்டி ஓட்டுறியா, வண்டிக்குள்ள குடித்தனம் நடத்துறியா?" என்று கேட்டால் நகரத்தின் மறுமுனையில் ஓட்டுநர் நிமிர்ந்து உட்காருவான். குரலை மட்டும் அறிந்தவர்கள் அவரை ஏழடி ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் காலை யாருக்கும் காட்டமாட்டார். நாற்பது டிகிரி வெயிலிலும் முழுக்கால் சட்டைதான். பொதுக் குளியலறைக்குப் போவதை நிறுத்திவிட்டார். எதிர் வீட்டுக்காரன் நான், ஒருநாளும் பார்த்ததில்லை. கேட்டால் வேடிக்கையாகப் பேசித் தப்பிப்பார். "ஒத்தக் காலோட நீந்துனா வட்டமாத்தான்டா சுத்தணும். ஏரி முழுக்கச் சுழி வந்துடும். எதுக்கு ஊருக்கு வம்பு?"

இரண்டு வருஷத்துக்கு முன் பெர்மெத்துக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளைக்குக் கசானில் வேலை. இலையுதிர் காலத்தில் கல்யாணம், உடனே ரஷ்யாவுக்குப் பயணம். ஜூன் கடைசியில் ஒரு மாலை அவர்கள் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, வழக்கம்போல எந்தத் தேதிக்கு வேன் வேண்டும் என்று கேட்டேன்.

"ரெண்டு பேருக்கா மூணு பேருக்கா, அதை முதல்ல முடிவு பண்ணுங்க," என்றாள் பெர்மெத். "அப்பா வரலன்னா நானும் போகல."

"ஏம்மா, நான் ஜாம்..."

"ஜாம் கடையில கிடைக்கும்ப்பா. அடுத்த வருஷம் நான் இங்க இருக்கமாட்டேன்."

புருல் அக்கா அவர் கிண்ணத்தை வாங்கி மறுபடி நிரப்பினாள். நாரின் மலைப்பக்கத்துப் பெண் அவள். எங்கள் வழக்கப்படி கிண்ணத்தைப் பாதிதான் ஊற்றிக் கொடுக்க வேண்டும், அன்று விளிம்புவரை ஊற்றினாள். கோபம் என்று அர்த்தம். அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சரி, வரேன். ஆனா எந்த ஊருன்னு நான்தான் சொல்லுவேன்."

அவ்வளவுதான், மாடிப்படி முழுக்கச் சேதி பரவிவிட்டது. ஷார்ஷென் ஏரிக்குப் போகிறானாம்! ஆளுக்கொரு ஊர் சொன்னார்கள். மூன்றாம் மாடி இசை வாத்தியாரம்மா சோல்பான்-அத்தாதான் என்றாள், கடை, ஆஸ்பத்திரி எல்லாம் பக்கத்திலேயே. கீழ் வீட்டுப் பூனைக்காரர் தம்சிக்குப் போகச் சொன்னார், தூரம் குறைவு, தண்ணீர் ஆழமில்லை. என் மனைவிக்கு வெந்நீர் ஊற்று இருக்கும் ஊர்தான் ஊர். அண்ணன் எல்லோரிடமும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"கூட்டம் இருக்குமா?"

இருக்கும் என்றால் அந்த ஊர் அத்தோடு போயிற்று. கடைசியில் தென்கரையில், காஜி-சாயைத் தாண்டி ஒரு சின்ன ஊர் தேறியது. விடுதி எதுவும் கிடையாது. ஜிபார் என்ற பெண் தன் வீட்டில் இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறாள். கரையில் மனித வாடையே இருக்காது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"அந்தப் பக்கம் கல்லுக் கரைங்க," என்றாள் புருல் அக்கா.

"நான் என்ன ஆட்டமா ஆடப் போறேன்?"

ஜூலை நடுவில் கிளம்பினோம். பள்ளத்தாக்கைத் தாண்டிப் பாலிக்ச்சி வந்ததும் வழியோரத்தில் கருவாட்டுச் சரங்களைத் தொங்கவிட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். அவர் பிறந்த ஊர். நிறுத்தவா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையை மட்டும் அசைத்தார். எப்போதும் இடப்பக்கம் திரும்பும் இடத்தில் அன்று வலப்பக்கம் திரும்பினேன். நீலம் தெரிந்தது. பெர்மெத் கண்ணாடியை இறக்கிவிட்டாள். அண்ணன் மட்டும் மலைப் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஜிபார் நல்லவள். வாசலுக்கே ஓடிவந்து மூட்டைகளை வாங்கிக்கொண்டாள். ஆப்ரிகாட் மரத்தடியில் மேசை போட்டு, எண்ணெயில் பொரித்த மாவுத்துண்டுகளான பூர்சோக், வெண்ணெய், மூன்று வகை ஜாம் என்று பரப்பினாள். ஊரும் சொன்ன மாதிரியே அமைதி. ஒரு தெரு, கொஞ்சம் கோழிகள், அந்தப் பக்கம் தண்ணீர். நான் கூட, அண்ணன் கெட்டிக்காரர், சரியான ஊரைத்தான் பிடித்திருக்கிறார் என்று நினைத்தேன்.

ஜிபாருடைய மாமனார் வந்து உட்கார்ந்தார். வெள்ளைத் தொப்பி, மரியாதையான முகம். அண்ணன் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். பெரியவர் அவர் எழுந்த விதத்தைக் கவனித்துவிட்டார்.

"கால் எங்க போச்சு, தம்பி?"

அதில் பொல்லாப்பு எதுவும் இல்லை. எந்த ஊர், யார் வம்சம் என்று கேட்பதுபோலத்தான் கேட்டார். அண்ணன் சொன்னார். பெரியவர் தன் உறவில் கால் இழந்த ஒருவருடைய கதையைத் தொடங்கினார். பிறகு சேதி தெருவுக்குப் போயிற்று. பக்கத்து வீட்டுக்காரி தயிர் கொண்டுவந்தாள், கொடுத்துவிட்டுப் போகவில்லை. கணவாயில் தானும் ஒரு விபத்தைப் பார்த்ததாகச் சொல்ல ஒருவர் வந்தார். அடுத்த தெருவில் மூட்டுக்கு மருந்து தருகிற பெண் இருப்பதாக இன்னொருவர் சொன்னார். "இல்லாத மூட்டுக்குமா?" என்று அண்ணன் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. பாவமாகத் தலையை ஆட்டினார்கள்.

மறுநாள் காலை கரைக்குப் போனோம். ஆளே இல்லை. ஆனால் அக்கா சொன்னது சரி, கல்லென்றால் கல், முட்டை முட்டையாக, காலை வைத்தால் உருளுகிற கல். கரை சட்டென்று சரிந்து தண்ணீருக்குள் போயிற்று. செயற்கைக் காலைத் தண்ணீரில் நனைக்கக் கூடாது. கழற்றிவிட்டால் இந்தக் கல்லில் தவழ்ந்துதான் போக வேண்டும். அண்ணன் எங்களை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு ஒரு பாறைக்குப் பின்னால் போனார். முழுக்கால் சட்டையைக் கழற்றி அரைக்கால் சட்டையோடு, செயற்கைக் காலையும் கழற்றி வைத்துவிட்டு, கையோடு கொண்டுவந்த ஊன்றுகட்டை ஒன்றை ஊன்றித் தண்ணீரைப் பார்த்து இரண்டு எட்டு வைத்திருப்பார். கட்டை வழுக்கியது. விழுந்தார்.

நான் ஓடுவதற்குள் எங்கிருந்தோ இரண்டு பேர் ஓடிவந்துவிட்டார்கள். மேட்டில் படகு பழுது பார்த்துக்கொண்டிருந்தவர்களாம். ஆளுக்கொரு பக்கம் கக்கத்தில் கைகொடுத்து, மாவு மூட்டையைத் தூக்குவதுபோலத் தூக்கினார்கள்.

"ஒண்ணுமில்லண்ணே, ஒண்ணுமில்ல. நாங்க இருக்கோம்ல."

ஒருவன் அண்ணனுடைய காலை எடுத்து, தூசி தட்டி, குழந்தையை ஏந்துவதுபோல ஏந்திக்கொண்டு பின்னால் வந்தான். பாதையில் குதிரையில் போய்க்கொண்டிருந்த ஒரு கிழவர் குதிரையை நிறுத்தினார். இரு கைகளையும் விரித்து ஏதோ வேண்டி, முகத்தில் தடவிக்கொண்டு போனார். அண்ணனுக்காக அவர் கடவுளிடம் பேசியிருக்கிறார். அதைத்தான் அண்ணனால் தாங்க முடியவில்லை என்று நினைக்கிறேன்.

முற்றத்துக்கு வந்ததும், "ஏசென், வண்டியை எடு," என்றார். "வீட்டுக்குப் போவோம்."

ஜிபார் பதறினாள். ஏதாவது குறையா, சாப்பாடு பிடிக்கவில்லையா என்று கேட்டாள். அண்ணன் அவளிடம் மிகவும் மரியாதையாக நன்றி சொன்னார். வண்டியில் ஏறி உட்கார்ந்தபிறகுதான் புருல் அக்கா வாயைத் திறந்தாள்.

"கூட்டமே வேணாம்னீங்க. இப்ப என்ன ஆச்சு? இருக்கிற பத்துப் பேரும் உங்களைத்தான் பாக்குறாங்க. வேற பாக்க அவங்களுக்கு என்ன இருக்கு, கோழியையா?"

"விடு புருல்."

"விடமாட்டேன். எனக்கு நீந்தத் தெரியாது. தண்ணின்னாலே பயம். எதுக்கு வருஷா வருஷம் போனேன்னு நினைக்கிறீங்க? ஒருதடவை நான் போகாம இருந்துட்டா, அப்புறம் இந்த வீட்டுல ஏரிங்கற பேச்சே இருக்காது. அதுக்காகப் போனேன். கரையில உக்காந்து துண்டுக்குக் காவல் இருந்தேன். நீங்க எப்பயாச்சும் வருவீங்கன்னு."

நான் சாவியைத் திருகினேன், வேறு என்ன செய்ய?

பின் இருக்கையிலிருந்து பெர்மெத் முன்னால் சாய்ந்தாள். "அப்பா, போஸ்தெரியில யாரும் யாரையும் பாக்கமாட்டாங்க. பரீட்சையில தோத்த வருஷம் நான் அங்க ஒரு பகல் முழுக்க அழுதுக்கிட்டே நடந்தேன். ஒருத்தராவது ஏன்னு கேட்கணுமே! சோளம் விக்கிறவன் மட்டும் கேட்டான், சோளம் வேணுமான்னு."

அண்ணன் இருக்கைப் பட்டையை இழுத்து மாட்டினார்.

"அங்க நாங்க தங்குற விடுதியில தண்ணிக்குள்ள நீளமா ஒரு மரப்பாலம் போகுதுப்பா. கல்லும் கிடையாது, மணலும் கிடையாது. கடைசிவரைக்கும் பலகைதான். முனையில இரும்பு ஏணி வச்சிருக்காங்க. பிடிச்சு இறங்குனா நேரா ஆழம்."

அண்ணன் பின்னால் திரும்பிக் கேட்டார்: "ஏணி ஆடுமா?"

"ஆடாது. குண்டு குண்டா ஆளுங்க இறங்குறாங்க."

"கைப்பிடி ரெண்டு பக்கமுமா?"

"ரெண்டு பக்கமும்."

"மேல பலகைக்கு மேலயும் நீட்டிக்கிட்டு இருக்கா, இல்ல பலகையோட நின்னுடுதா?"

பெர்மெத்துக்கு அது தெரியவில்லை. எனக்குத் தெரியும், நான் பலமுறை இறங்கியிருக்கிறேன். "மேல இடுப்பு உயரத்துக்கு வளைஞ்சு நிக்கும்ண்ணே. லாரிக் கேபின்ல ஏறுற கைப்பிடி மாதிரி," என்றேன்.

கரையிலிருந்து வருகிற மண்பாதை பெரிய சாலையில் சேருமிடத்தில் நிறுத்தினேன். வலப்பக்கம் போனால் வந்த வழி, வீடு. இடப்பக்கம் போனால் கரகோல், அங்கிருந்து ஏரியைச் சுற்றிக்கொண்டு வடகரை. நான் யாரையும் கேட்கவில்லை, எஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு ஆட்டு மந்தை சாலையைக் கடந்து முடிந்தது.

"இடது பக்கம் போ," என்றார் அண்ணன்.

புருல் அக்கா முக்காட்டு நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "கரகோல்ல அஷ்லான்-ஃபூ சாப்பிட்டுட்டுத்தான் போகணும், எனக்குப் பசிக்குது," என்றாள். அந்தப் புளிப்பும் காரமுமான குளிர்ந்த நூடுல்ஸை ஆளுக்கு இரண்டு கிண்ணம் சாப்பிட்டோம். அண்ணன் மூன்றாவதும் கேட்டார். அவர் மூன்றாவது கேட்டதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு சரியாக வந்தது.

போஸ்தெரி எப்போதும்போல இருந்தது, ராட்டினம், பாட்டு, புகைபோட்ட மீன் வாசனை, எல்லை தாண்டி வந்த அல்மாத்தி நம்பர் வண்டிகள். கழுகைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவன் படம் எடுக்கக் கூப்பிட்டான். அண்ணன் முழுக்கால் சட்டையில் விறைப்பாக நடந்தார். ஒரு குடும்பம் பெரிய ரப்பர் முதலையைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்து, "வழி, வழி!" என்று கத்த, அவர்தான் ஒதுங்க வேண்டியிருந்தது. அவர் முகத்தில் ஒரு குழப்பம். ஏழெட்டு வருஷமாக எல்லோரும் அவருக்குத்தான் ஒதுங்கி வழிவிட்டிருந்தார்கள்.

மறுநாள் காலை பாலத்துக்குப் போனோம். நல்ல கூட்டம். பலகையில் வரிசையாக ஆட்கள் படுத்திருந்தார்கள். அண்ணன் பாலத்தின் முனை வரைக்கும் நடந்தார், கைப்பிடியைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். முழுக்கால் சட்டையைக் கழற்றினார், உள்ளே அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டுதான் வந்திருந்தார். செயற்கைக் காலின் பட்டையை அவிழ்த்தார். தென்கரையில் விழுந்த பதற்றத்தில் கவனிக்காததை இப்போதுதான் சரியாகப் பார்த்தேன். அதில் பார்க்க ஒன்றுமில்லை, ஒரு கால் முழங்காலுக்குக் கீழே முடிந்திருந்தது, அவ்வளவுதான். அவர் தலையைக் குனிந்தபடியே உட்கார்ந்திருந்தார். யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று காத்திருந்தார்போல.

சொன்னார்கள். பின்னால் ஈரம் சொட்ட நின்ற ஒரு இளைஞன், "அண்ணே, இறங்குறீங்களா இல்லையா? பின்னாடி ஆள் நிக்குது," என்றான்.

அண்ணன் திரும்பி அவனைப் பார்த்தார். "இறங்குறேன்டா, அவசரப்படாத!" என்றார், டிப்போக் குரலில்.

பலகையில் பின்புறமாகத் திரும்பி, இரண்டு கைப்பிடிகளையும் பற்றி, கைகளாலேயே இறங்கினார். லாரி ஓட்டிய கைகள், ஆட்டமே இல்லை. கடைசிப் படியில் ஒரு கணம் தொங்கினார். பிறகு விட்டார்.

தலை உள்ளே போயிற்று. வரவில்லை. புருல் அக்கா என் சட்டையைப் பிடித்த பிடியில் ஒரு பொத்தான் தெறித்தது. "ஏசென்! ஏசென்!" என்றாள். நான் செருப்பை உதறிவிட்டேன். அப்போது பெர்மெத், "அதோ!" என்று கத்தினாள். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் இல்லை, வெகுதூரம் தள்ளி ஒரு நரைத்த தலை மேலே வந்தது.

வட்டமெல்லாம் சுற்றவில்லை. கொஞ்சம் ஒரு பக்கமாக இழுத்தது, பிறகு கையை மாற்றிப் போட்டுச் சரிசெய்துகொண்டார். மிதவைக் கயிறுவரை போனார். அங்கே மல்லாந்து படுத்துக்கொண்டு கத்தினார்:

"புருல்! தண்ணி அப்படியே இருக்கு!"

பாலமே திரும்பிப் பார்த்தது. அந்தக் குரலுக்கு யார்தான் திரும்பமாட்டார்கள்? பலகையில் குப்புறப் படுத்திருந்த ஒருவன் துள்ளி எழுந்தான். "ஐயோ, டிப்போ!" என்றான். பதினேழாம் தடத்தில் ஓட்டுகிற பையன், மனைவியோடு விடுமுறைக்கு வந்திருக்கிறான். எந்தத் திசையிலிருந்து திட்டு வருகிறது என்று நாலாபுறமும் பார்த்தான். பெர்மெத் சிரித்துச் சிரித்துக் கீழே உட்கார்ந்துவிட்டாள்.

அந்த நேரம் சோளக்காரன் கூடையோடு வந்தான். பலகையில் கிடந்த காலைப் பார்த்தான். "அக்கா, இந்தக் காலைக் கொஞ்சம் ஓரமா வைங்க, யாராவது தடுக்கி விழுந்துடப் போறாங்க," என்று புருல் அக்காவிடம் சொல்லிவிட்டு, "சூடான சோளம்!" என்று கத்திக்கொண்டே போய்விட்டான். அக்கா காலைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை, இரண்டுமேதான் போலிருந்தது.

அண்ணன் மதியச் சாப்பாட்டுக்குத்தான் மேலே வந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. ஏணியில் ஏறும்போது அதே இளைஞன் ஒரு கை நீட்டினான். அண்ணன் பிடித்துக்கொண்டார். அவனும் இழுத்துவிட்டுத் தன்பாட்டுக்குக் குதிக்கப் போய்விட்டான். தோளில் துண்டைப் போர்த்திக்கொண்டு, ஒரு முழு மீனை எலும்பு மட்டும் மிஞ்சச் சாப்பிட்டார் அண்ணன். மதியம் உட்கார்ந்தபடியே தூங்கினார், வாயைத் திறந்துகொண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அவர் பகலில் இப்படித் தூங்கியதே இல்லை என்று அக்கா சொன்னாள். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். பக்கத்தில் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைவரை இருந்தோம். மூன்றாம் நாள் அறையிலிருந்து பாலம்வரை அரைக்கால் சட்டையிலேயே வந்தார். அன்று கழுகுக்காரன்கூடக் கூப்பிட்டான், "அண்ணே, வாங்க ஒரு படம்!" அண்ணன் எடுத்துக்கொண்டார். படத்தில் கழுகு, அண்ணன், இரும்புக் கால் எல்லாம் வெயிலில் பளபளக்கின்றன. அதை அவரே டிப்போ சுவரில் ஒட்டிவைத்திருக்கிறார்.

நாலாம் நாள் நடந்ததைத்தான் நான் அதிகம் நினைத்துக்கொள்வேன். பாலத்துக்குப் பக்கத்தில் மணல் கரை, தண்ணீர் வெகுதூரம்வரை ஆழமில்லை. அண்ணன் ஓரத்தில் உட்கார்ந்து, கைகளை ஊன்றிப் பின்னோக்கி நகர்ந்து இடுப்பளவுத் தண்ணீரில் போய் அமர்ந்துகொண்டு அக்காவைக் கூப்பிட்டார்.

"வா. உக்காந்தா இடுப்பு வரைக்கும்தான்."

"நான் மாட்டேன்."

"மூழ்குனா என் மேலதான் மூழ்குவ. வா."

அக்கா பாவாடையோடு, தலையில் தொப்பியோடு, ஒவ்வொரு அடிக்கும் கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அலை ஒன்று வந்து மார்புவரை ஏறியது. "ஐயோ!" என்றாள். அடுத்த அலைக்கு அவ்வளவு சத்தமில்லை. கொஞ்ச நேரத்தில் இருவரும் வீட்டுச் சோபாவில் இருப்பதுபோல உட்கார்ந்து கல்யாணத்துக்கு யார் யாரைக் கூப்பிடுவது என்று பேசத் தொடங்கிவிட்டார்கள். சம்பந்தி வீட்டுக்கு எத்தனை ஆடு என்று சண்டையும் வந்தது. ரப்பர் முதலைக் குடும்பம் அவர்களைச் சுற்றிக்கொண்டு போயிற்று.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. பெர்மெத் கசானுக்குப் போனாள். அன்று விமானநிலையத்தில் அண்ணன் அழுதார், யார் பார்த்தாலென்ன என்று அழுதார்.

இப்போது எங்கள் குடியிருப்பில் ஏரிக்குப் போகிறவர்கள் எந்த ஊருக்குப் போவது என்று அவரிடம்தான் கேட்கிறார்கள். உடனே சொல்லமாட்டார். யார் வருகிறார்கள், யாருக்கு முட்டிவலி, குழந்தை எத்தனை, கணவன் மனைவிக்குள் பேச்சுவார்த்தை உண்டா என்று குடைந்து கேட்பார். மனைவி இறந்து வீட்டுக்குள்ளேயே கிடந்த பூனைக்காரரைத் தென்கரைக்கு, ஜிபார் வீட்டுக்கு அனுப்பினார். "அங்க உங்களைத் தனியா விடமாட்டாங்க, பெரியவரே. தயிர் கொண்டுவந்தா போகவே மாட்டாங்க." பூனைக்காரர் ஒரு வாரத்துக்குப் போனவர் ஒரு மாதம் இருந்துவிட்டு, வெயிலில் முகம் கறுத்து, ஒரு பை உலர்ந்த ஆப்ரிகாட் பழத்தோடு வந்தார். ஜிபார் அண்ணனுக்கும் தனியாக ஒரு பை கொடுத்தனுப்பியிருந்தாள்.

நேற்று பெர்மெத் ஊருக்கு வந்திருக்கிறாள், வயிற்றில் ஐந்து மாதம். போஸ்தெரிக்குத்தான் போகிறோம். அண்ணன் விடுதிக்குப் போன் செய்து, கீழ்த்தள அறை வேண்டும், பாலத்தில் உடைந்த பலகை ஏதாவது இருந்தால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள், கர்ப்பிணி நடக்க வேண்டும் என்று டிப்போக் குரலில் சொல்லியிருக்கிறார். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கீழேயிருந்து ஹாரன் சத்தம். என் வேனில், என் இருக்கையில் அவர் உட்கார்ந்திருக்கிறார். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால், புருல் அக்கா பக்கத்தில் மடியில் தர்பூசணியோடு உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்துக் கையை ஆட்டுகிறாள், சீக்கிரம் வா என்று.